தாலிக்கொடியில் தொங்கிய ஆஸ்பத்திரிச் சாவி

அன்பு முரளி,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கும் கடிதம் இல்லை இது. நேற்றுதான் பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசினோம், நீ சௌக்கியம் என்று தெரியும். உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அம்மா கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளறையில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் புடவைக் கடையில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அனு தன் லேபைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், தரமணியில் ஆபீஸ் பஸ் தவறிப்போன கதை. அப்போது நீ சிரித்துக்கொண்டே கேட்டாய்: "அந்த சீனியர் தினமும் உன்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடறானாக்கும்?" அனுவும் சிரித்தாள். உன் மாமியாராகப் போகிறவர் சிரித்தார். கடைக்காரப் பையன்கூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு என்னுடையது. என் மூக்கையும் என் முன்வழுக்கையையும் உனக்குக் கொடுத்தேன், போகட்டும் என்று விட்டேன். இதையும் கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றினார்களே, அந்த வருஷம் நடந்தது. நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது அம்மா ஒரு மாதிரி இருக்கிறாளே என்று கேட்டாய். வயசாகிறதே, அதுதான் என்று சமாளித்தேன். அது பொய். எனக்குப் பொய் நன்றாக வரும் என்பது உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். உன் அப்பாவின் உத்தியோகமே அடுத்தவர் பொய்யைப் பிடிப்பதுதான். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, எரியாத கடையை எரிந்தது என்றவனையும், நல்ல காலைக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தவனையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். பொய் எங்கே பிடிபடும் என்று தெரிந்தவனுக்கு எங்கே பிடிபடாது என்பதும் தெரியும் அல்லவா.

அம்மா அடையாறில் அந்தச் சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள் என்று உனக்குத் தெரியும். அங்கே டாக்டர் தனபால் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். மயக்க மருந்து கொடுப்பவர், விருதுநகர்ப் பக்கத்து மனிதர். பாண்டி பஜாரில் அவர் குடும்பத்துக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை இருந்தது. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பார்க்க ஒன்றும் மன்மதன் இல்லை, தொந்தியும் சோடாபுட்டிக் கண்ணாடியும்தான். ஆனால் மெதுவாகப் பேசுவார், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். அந்த இரண்டும் என்னிடம் கிடையாது. அவருக்கு ஒரு யோசனை இருந்தது. ஆறாத புண், புற்றுநோய்க்குக் கரண்டு வைத்து வெந்துபோன தோல், இப்படி வந்து துடிப்பவர்களுக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் ஆளே தூங்கி வழிவார், வாந்தி, மலச்சிக்கல். அந்த மருந்தையே துளி எடுத்து, ஸ்கேனுக்கு வயிற்றில் தடவுகிறார்களே அந்த மாதிரி ஜெல்லில் கலந்து, சிவந்து வீங்கிய இடத்தில் மட்டும் தடவினால் என்ன? நல்ல தோலில் தடவினால் அது ஒன்றும் செய்யாதாம். தோல் அழன்றிருந்தால்தான் மருந்து போய் உட்கார அங்கே இடம் கிடைக்குமாம். வெளிநாட்டில் பார்த்திருக்கிறார்கள், நம் ஜனங்களுக்குக் கேட்கிறதா என்று நாமும் சோதித்துப் பார்க்கலாம் என்றார். கலந்து கொடுக்க உன் அம்மாதான் ஆள்.

மார்ஃபின் லேசுப்பட்ட சாமான் இல்லை. அதை வைக்கும் இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி டாக்டரிடம், ஒரு சாவி மருந்துப் பிரிவில் இருப்பவரிடம். இரண்டு பேரும் ஒன்றாக நின்றால்தான் திறக்கும், அதுதான் சட்டம். அம்மா எதையும் தொலைக்கிறவள் இல்லை, இருந்தாலும் பயம். தாலிக்கொடியில் எல்லாப் பெண்களும் நாலு ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அதில் ஒரு ஊக்கில் அந்தச் சாவியைக் கோத்துக்கொண்டாள். காலையில் காபி ஆற்றும்போது அது டம்ளரில் இடித்து டிங்கென்று ஒரு சத்தம் வரும். நான் கட்டிய தாலி, அதன் பக்கத்தில் ஒரு சாவி, அதே அலமாரியின் இன்னொரு சாவி வேறொருத்தர் பாண்ட் பாக்கெட்டில். எட்டு மாதம் அந்த டிங்கைக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குக் காபி இறங்கவில்லை.

நான் எப்படி ஆனேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், நீ அடையாளம் கண்டுகொள்ளவேண்டும் என்பதற்காக. முதலில் எண்ண ஆரம்பித்தேன். சாப்பிடும்போது அவள் எத்தனை தடவை "டாக்டர் சொன்னார்" என்கிறாள் என்று. பிறகு சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன்: "இன்னிக்கு அலமாரி எத்தனை தரம் திறந்தேள் ரெண்டு பேரும்?" அவள் முதல் தடவை சிரித்தாள். இரண்டாவது தடவை, "மூணு தரம். ஏன்?" என்றாள். மூன்றாவது தடவை பதிலே சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததையே நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக வீட்டுக்கு வராமல், எதிர்ச் சாரிக்குப் போய் அடையாறு பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரை போய் நின்றேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், யாராவது கேட்டால் நோயாளியைப் பார்க்க வந்ததாகச் சொல்ல. கேவலம்தான். ஜன்னல் வழியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் தராசில் ஏதோ நிறுத்துக்கொண்டிருந்தாள், அவர் இரண்டு அடி தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசவே இல்லை. பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த அமைதியில் எனக்கு இடமே இல்லை என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் அவள் அப்படிக் கவனமாக இருக்கும் முகத்தை நான் பார்த்ததில்லை.

நோயாளிகளுக்குத் தடவும் முன்னால் நல்ல ஆரோக்கியமானவர்கள் எட்டுப் பேர் மேல் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டி சொல்லியிருந்தது. முறை இதுதான். இரண்டு முன்கையிலும் ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம், அதில் தோல் டாக்டரின் விளக்கைக் காட்டுவார்கள். மறுநாள் அந்த வட்டம் மட்டும் வெயிலில் வெந்த மாதிரி சிவந்து காந்தும். அப்போது ஒரு கையில் மருந்து கலந்த ஜெல், இன்னொரு கையில் வெறும் ஜெல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எது எது என்று தடவுகிற டாக்டருக்கும் தெரியாது, தடவிக்கொள்கிறவருக்கும் தெரியாது. கலந்து ட்யூபில் அடைத்த உன் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அதை எழுதி உறையில் போட்டு ஒட்டி அந்த அலமாரியில் வைத்துவிட்டாள். எட்டுப் பேரும் முடிந்த பிறகுதான் பிரிக்கவேண்டும். அதுவரை அவள் வாய் திறக்கக்கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக்கூடாது. வலி எவ்வளவு என்பதை நாம் எண்ணாகச் சொல்லவேண்டும், வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து.

எட்டாவது ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. அம்மா வீட்டில் வந்து கவலையாகச் சொன்னாள். நான் வருகிறேன் என்றேன். "வேண்டாம்னா. ஆத்து மனுஷா வரப்படாது. நன்னா இருக்காது" என்றாள். அவள் வேண்டாம் என்றதே எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போய் நின்றேன். அவரும் தயங்கினார். தயங்கியவர் ஆள் கிடைக்காத கஷ்டத்தில் ஒப்புக்கொண்டார், அது அவர் செய்த ஒரே பிசகு. ஒப்புக்கொள்ளும்போது சிரித்தபடி சொன்னார்: "மேடம் வீட்லகூட எதையும் சொல்லியிருக்க மாட்டாங்க சார். அவங்களப் பத்தி எனக்குத் தெரியும்." எனக்குத் தெரியும்! என் பெண்டாட்டியைப் பற்றி எனக்கு இவர் சொல்கிறார். அந்த நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் அப்போது தெரியவில்லை.

விளக்கு காட்டிய மறுநாள் இரண்டு கையும் காந்தியது. டாக்டர் ஜெல்லைத் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் வலது கை அடங்கிவிட்டது. ஈரத்துணி போட்டு எடுத்த மாதிரி. இடது கை அப்படியே எரிந்தது. சந்தேகமே இல்லை, வலது கையில்தான் மருந்து. என் மனைவியின் கை கலந்த மருந்து என் கையில் வேலை செய்கிறது. அதை நினைத்து நான் பூரித்துப்போயிருக்க வேண்டாமா? "சொல்லுங்க சார், வலது எவ்ளோ, இடது எவ்ளோ?" என்றார் டாக்டர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தேன். "வலது ஏழு. இடது ரெண்டு" என்றேன். இன்னொரு அரை மணி கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். கையெழுத்தும் போட்டேன்.

வெளியே நடையில் பெஞ்சில் ஜோதியம்மா என்று ஒரு பெண்மணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சிந்தாதிரிப்பேட்டையில் இட்லிக் கடை போட்டிருந்தவள். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண், சுற்றிலும் ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. நோயாளிகளுக்குத் தடவ ஆரம்பித்தால் முதல் ஆள் அவள்தான் என்று எழுதி வைத்திருந்தார்கள். வாரம் ஒரு தரம் கட்டு மாற்ற வருவாள். என்னைப் பார்த்ததும் உரக்கக் கேட்டாள்: "இன்னா சார், அந்தக் கைய ஊதிக்கினே வர்றே, ரொம்ப எரியுதா? எப்போ சார் முடியும் உங்க டெஸ்ட்டு? எனக்கு அடுப்பாண்ட நிக்க முடியல சார், உசுரு போவுது." நான் என் இடது கையை ஊதிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தலையைத் தூக்கினால், எதிரே மருந்துப் பிரிவு ஜன்னல். அம்மா நின்றுகொண்டிருந்தாள். வலி எண் எழுதிய தாளை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் அவள் பொறுப்புதான், தாள் அதற்குள் அவள் கைக்குப் போயிருந்தது. வலது ஏழு, இடது இரண்டு. அவள் தாளைப் பார்த்தாள், என் இடது கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

முரளி, நான் செய்ததில் மகா மோசமான பகுதி பொய் சொன்னதில்லை. அவளால் அதை வெளியே சொல்ல முடியாது என்று தெரிந்து சொன்னதுதான். இவர் பொய் சொல்கிறார் என்று அவள் வாய் திறந்தால், எந்த ட்யூபில் மருந்து என்று காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். அத்தனை பேர் வெந்துகொண்டதும் வீண். அவள் அந்த விதியை எவ்வளவு மதித்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த மதிப்பையே அவள் வாயில் துணியாக அடைத்தேன். அன்று சாயங்காலம் ரசம் பரிமாறும்போது, என்னைப் பார்க்காமல், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "எந்தக் கை?" என்றேன். கரண்டியை ரசச் சொம்பிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க?

மூன்று வாரம் கழித்து எட்டுப் பேர் கணக்கும் முடிந்து உறையைப் பிரித்தார்கள். ஏழு பேருக்கு ஒரே மாதிரி, மருந்து தடவிய கை அடங்கியிருந்தது. ஒருவருக்கு மட்டும் தலைகீழ். கொஞ்சம் கூடக்குறைய இருந்திருந்தால் கமிட்டிக்காரர்கள் விட்டிருப்பார்கள். தலைகீழ் என்றதும் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அந்த ஆளுக்கு ட்யூப் மாறியிருக்கிறது. மருந்துப் பிரிவில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் மார்ஃபின் விஷயத்தில். நான் இதை யோசிக்கவே இல்லை. அந்த டாக்டரின் மூக்கை உடைக்கிறேன் என்று கல்லை எறிந்தேன், அது எங்கே போய் விழும் என்று பார்க்கவில்லை. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கை கால் கழுவிக்கொண்டு, என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் ட்யூபை மாத்தி வெச்சுட்டேனாம். விசாரணை முடியற வரைக்கும் சாவியக் குடுத்துடச் சொன்னா. குடுத்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, என்னை ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நானும் ஏதோ பேப்பரைப் புரட்டினேன். அவள் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை காபி ஆற்றினாள். டிங் சத்தம் இல்லை. தாலிக்கொடியில் வெறும் ஊக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. அந்தக் காபியை நான் ருசித்துக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்வரை ருசித்தது. பிறகு அவள் கையைப் பார்த்தேன். இருபது வருஷம் ஒரு சொட்டு கூடக்குறையாமல் மருந்து அளந்த கை, டிகாக்ஷனை மேடையில் கொட்டிவிட்டு, கொட்டியது தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. தனக்கே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. தாளில் இருந்த எண்ணையும் நான் ஊதிய கையையும் கண்ணால் பார்த்தவள், இருந்தும், ஒருவேளை நான்தான் மாற்றி ஒட்டினேனோ, அவர் நிஜமாகவே சொன்னாரோ என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். தன்னைச் சந்தேகித்தாலும் சந்தேகிப்பாள், என்னை அந்த அளவுக்குக் கெட்டவனாக நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதற்கப்புறமும் நான் ஆறு நாள் சும்மா இருந்தேன். ஏழாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் தனபால் நாற்காலியைக் காட்டினார். நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏன் சார்?" என்றார். "எனக்கு உங்களப் பிடிக்கல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைப் பிடிக்கலைன்னா என்னைத்தான சார் ஏதாவது பண்ணியிருக்கணும். மேடத்த ஏன் பண்ணினீங்க?" அவர் என் தாளை எடுத்தார். ஏழின் மேல் கோடு போட்டார், இரண்டின் மேலும் கோடு போட்டார், பக்கத்தில் காரணம் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போட்டுவிட்டு, "நிஜ எண்ணைச் சொல்றேன், எழுதிக்கோங்கோ" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். "உறையப் பிரிச்சப்புறம் சொல்ற நம்பருக்கு மதிப்பு கிடையாது சார். உங்க பொய்ய அடிச்சிடலாம். உண்மைய எழுத முடியாது." கிளெய்ம் பிரிவில் எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பேன் நான், காலம் கடந்த வாக்குமூலம் செல்லாது என்று. சொல்லும்போது எப்படி இருக்கும் என்று தெரியும். கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காட்டிக்கொடுத்தார், கமிட்டி முன்னால் நான்தான் போய் நிற்கவேண்டியிருந்தது, நின்றேன். அம்மாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் புதிதாக ஆள் பிடித்து, புதிதாக அனுமதி வாங்கி, எல்லாம் முதலிலிருந்து. ஜோதியம்மாவின் முறை வர நாலு மாதம் ஆனது. அந்த மருந்து எல்லோருக்கும் கேட்டதா என்றால் இல்லை, சிலருக்குக் கேட்டது, சிலருக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஜோதியம்மாவுக்குக் கேட்டது. புண் ஆறவில்லை, ஆனால் எரிச்சல் விட்டது. ஒரு நாள் நடையில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இப்போ தேவல சார். நல்லா கீது. கடையாண்ட போய் நிக்கறேன். இன்னா, அந்த நாலு மாசம்தான் கடைய மூடி வெச்சிருந்தேன், வாடிக்கை பூட்ச்சி. இன்னொருத்தி வந்து குந்திக்கினா." அவளுக்கு எதுவும் தெரியாது. யதார்த்தமாகச் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்த அன்று, பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு அதற்குள் போன் வந்திருந்தது. "அவர்கிட்ட போய்ச் சொன்னேளா?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கிட்ட சொல்லலையே" என்றாள். "உனக்குத்தான் தெரியுமே" என்றேன். "தெரியும். நீங்க சொல்லல." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சமையல், சம்பந்திப் பேச்சு, உன் வேலை, எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டோம் இந்த மூன்று வருஷத்தில், அதைத் தவிர. திரும்பக் கிடைத்த சாவியை அவள் தாலிக்கொடியில் மாட்டிக்கொள்ளவில்லை. கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பை பீரோவுக்குள் போய்விடும். அந்த டிங் சத்தத்தைக் கேட்க இப்போது நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். இந்த மூன்று வருஷமாக நான் பொறாமைப்படுவது டாக்டரைப் பார்த்து மட்டும் இல்லை, அந்தப் பழுப்புக் கைப்பையைப் பார்த்தும்தான். அவள் நம்பி ஒன்றை வைப்பது அதற்குள்தான்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கபாலீஸ்வரர் சந்நிதியில் முதல் பத்திரிகையை வைத்துவிட்டு வந்து, இன்று காலை அவள் எழுதிய முதல் உறை யாருக்கு என்று பார்த்தேன். டாக்டர் தனபால் அவர்களுக்கு. என் தம்பிக்கு முன்னால், அவள் அண்ணாவுக்கு முன்னால். வயிறு எரிந்தது. அவருக்கு அவள் மேல் ஏதாவது எண்ணம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் இருக்கலாம். அவளுக்கு இருந்ததா? அதையும் நான் கேட்டதில்லை. ஆனால் இவ்வளவு நாள் கழித்து ஒன்று புரிகிறது. நான் எரிந்தது அந்த மனிதரைப் பார்த்து இல்லை. அவளுக்கென்று ஒரு வேலை, அதில் ஒரு ரகசியம், அந்த ரகசியத்தைக் காப்பாற்றும் திடம், இதில் எதிலும் எனக்குப் பங்கில்லை என்பதைப் பார்த்துத்தான். அனுவுக்கும் அப்படி ஒன்று இருக்கும், முரளி. லேப் சாவியோ, சொல்லக்கூடாத ஒரு முடிவோ. எரியும், எரியாது என்று சொல்ல நான் யார். எரிந்தால் எரிகிறது என்று அவளிடமே சொல். சிரித்துக்கொண்டு கேட்காதே. சிரித்துக்கொண்டு கேட்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

இந்த இடம் வரை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். டாக்டரிடம் சொன்னேன், கமிட்டியிடம் சொன்னேன், இப்போது உன்னிடம் சொல்கிறேன். சொல்லவேண்டியவள் பதினைந்தடி தூரத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் அதே தப்பைத்தான், நல்ல கையெழுத்தில், செய்துகொண்டிருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன்.

போய்விட்டு வந்து எழுதுகிறேன். எதிரே பாயில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். எந்த அன்னிக்கு என்று அவள் கேட்கவில்லை. உறை மேலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தக் கை?" என்றாள். "இடதுதான் எரிஞ்சுது" என்றேன். "எவ்வளவு?" என்றாள். "ஏழு." "வலது?" "ரெண்டு. ரெண்டுகூட இல்ல, ஒண்ணுதான். உன் மருந்து நன்னா கேட்டுது." அவள் தலையை அசைத்துவிட்டு, அடுத்த உறையை எடுத்து உன் சித்தப்பா விலாசத்தை எழுத ஆரம்பித்தாள். கைப்பை பீரோவுக்குள்தான் இருக்கிறது.

உன் அப்பா